அம்மாவின் சிறுநீர்க் குழாய்

அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. வயது 71. மலேசியாவில் உள்ள சுங்கை சிப்புட்டிலிருந்து வெளியூர்ப் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது.

நான்காம் நாள் இரவு உடம்பு அனலாகக் கொதித்தது. “பெரட்டுக்கு நேரமாச்சு, வாளி எங்கே?” என்று கட்டிலை விட்டு இறங்கப் பார்த்தார். பெரட்டு என்றால் ரப்பர்த் தோட்டத்தில் விடிகாலையில் ஆள் கணக்கெடுப்பது. அவர் பால்மரம் வெட்டுவதை விட்டு 20 வருஷம் ஆகிறது. வயசாகிவிட்டது, புத்தி தடுமாறுகிறது என்று நினைத்து நான் அழுதேன்.

சிறுநீரைச் சோதித்த பிறகுதான் கிருமித் தொற்று என்று தெரிந்தது. சிறுநீரை வெளியேற்ற அறுவை சிகிச்சைக்காகப் போட்ட குழாய் அப்படியே கிடந்திருக்கிறது. எடுக்கலாமா என்று யாரும் பார்க்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. முதியவர்களுக்குத் தொற்று வந்தால் இப்படித் திடீர்க் குழப்பமும் வரும் என்றார் டாக்டர். குழாய் உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும் ஆபத்து கூடுமாம்.

கோபம் வந்தது. ஆனால் அத்தனை கட்டிலுக்கும் ஓடிக்கொண்டிருந்த அந்த இரண்டு மிஸ்ஸிகளை (தாதிகளை) பார்த்தால் அவர்களை மட்டும் குறை சொல்ல மனசு வரவில்லை.

இது எங்களுக்கு மட்டும் நடந்ததில்லை. உலகச் சுகாதார நிறுவனம் 2022-இல் சொன்ன கணக்குப்படி, மருத்துவமனையில் சேரும் 100 பேரில் பணக்கார நாடுகளில் 7 பேருக்கும், மற்ற நாடுகளில் 15 பேருக்கும் அங்கேயே ஏதாவதொரு தொற்று வருகிறது. அவர்களில் சராசரியாகப் பத்தில் ஒருவர் இறந்துபோகிறார். அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கமில்லை.

அப்புறம் கண் திறந்து பார்க்க ஆரம்பித்தேன். எக்ஸ்ரேக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது குழாயிலிருந்து சிறுநீர் வந்து சேரும் பிளாஸ்டிக் பையை அம்மாவின் வயிற்றின் மேல் வைத்தார்கள். அந்தப் பை எப்போதும் உடம்புக்குள் இருக்கும் சிறுநீர்ப்பையைவிடத் தாழ்வாகத் தொங்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளதெல்லாம் திரும்ப உள்ளே போகும். தரையிலும் படக்கூடாது. எங்கள் சொந்தங்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை: பக்கத்துக் கட்டில் பாட்டியைத் தடவி நலம் விசாரித்துவிட்டு, அதே கையோடு வந்து அம்மாவுக்குத் திருநீறு பூசுவார்கள். கைகழுவும் மருந்தை வாசல் பக்கமே நின்று எல்லார் கையிலும் ஊற்றினேன். சித்தி முகத்தைத் தூக்கிக்கொண்டார். பரவாயில்லை.

குழாயை எடுத்து, ஆன்டிபயாட்டிக் மருந்து ஏறியதும் மூன்றாம் நாள் அம்மா தெளிந்தார்.

இரண்டு மாதம் கழித்து வேறொரு காரணத்துக்காக மறுபடி சேர்க்க வேண்டியிருந்தது. மறுபடியும் குழாய். மறுநாள் காலை டாக்டர் வந்ததுமே, “இது இன்னும் வேணுமா?” என்று மலாயில் கேட்டேன். ஏட்டைப் புரட்டிப் பார்த்தார், தேவையில்லை என்றார். மதியத்துக்குள் எடுத்துவிட்டார்கள்.