எட்டாவது பாட்டோடு நிறுத்துங்கள்: ரைட் குழுவின் ‘நோவேர்’

ரைட் (Ride) என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் முதல் ஆல்பமான ‘நோவேர்’ எட்டுப் பாட்டாகவும் கிடைக்கிறது, பதினொன்றாகவும் பதினைந்தாகவும் கிடைக்கிறது. முதல்முறை கேட்கிறவர்கள் எதை எடுப்பது என்று குழம்புவது நியாயம்தான். எந்தப் பதிப்பு கையில் இருந்தாலும் எட்டாவது பாட்டோடு நிறுத்துங்கள்.

ஆக்ஸ்ஃபோர்டின் நான்கு இளைஞர்கள்: மார்க் கார்டனர், ஆண்டி பெல், ஸ்டீவ் கெரால்ட், லாஸ் கோல்பர்ட். லண்டனில் பழைய தேவாலயக் கட்டடத்தில் இயங்கிய ப்ளாக்விங் ஸ்டுடியோவில் மார்க் வாட்டர்மேன் தயாரிப்பில் பதிவானது; மிக்ஸ் செய்தவர் ஆலன் மோல்டர். 1990 அக்டோபரில் க்ரியேஷன் நிறுவனம் வெளியிட்டது. இசைத்தட்டில் பக்கத்துக்கு நான்கு பாட்டு, மொத்தம் சுமார் 39 நிமிடம்.

சிடியில் கூடுதலாக மூன்று: ‘டேஸ்ட்’, ‘ஹியர் அண்ட் நவ்’, ‘நோவேர்’. இவை சற்று முன்பு வந்த ‘ஃபால்’ இபியில் (சில பாட்டுகள் மட்டும் கொண்ட சிறு வெளியீடு) இருந்தவை. ஆக, ஆல்பத்தின் பெயரைத் தாங்கிய பாட்டே இசைத்தட்டில் கிடையாது! 2001 மறுவெளியீடு இன்னும் நான்கைச் சேர்த்தது. அவை 1991இல் வந்த ‘டுடே ஃபாரெவர்’ இபியின் பாடல்கள். அருமையான பாடல்கள்தான், ஆனால் ஆல்பம் முடிந்த பிறகு பிறந்தவை. அவற்றின் காற்றே வேறு.

எட்டாவது பாட்டான ‘வேப்பர் ட்ரெயில்’ முடிகிற விதத்தைக் கவனித்தால் காரணம் புரியும். ஆண்டி பெல் பாடுகிறார். கிதார் ஒரே கார்டு (சுரக்கூட்டு) வரிசையைச் சுற்றிச் சுற்றி வர, அடியில் கோல்பர்ட்டின் டிரம்ஸ் ஓயாமல் உருள்கிறது. பிறகு வயலினும் செல்லோவும் நுழைகின்றன. கடைசியில் குழு விலகிக்கொள்ள, அந்த வயலின், செல்லோ தந்திகள் மட்டும் அந்தத் தாளத்தை இழுத்துக்கொண்டே மெல்லத் தேய்ந்து மறைகின்றன. அதற்குப் பிறகு வேண்டியது மௌனம். சிடியில் அந்த இடத்தில் ‘டேஸ்ட்’ துள்ளிக்கொண்டு வந்துவிடுகிறது.

ஸ்ட்ரீமிங்கில் கேட்பவர்கள் முதலில் க்ராஸ்ஃபேடை (ஒரு பாட்டின் முடிவையும் அடுத்ததன் தொடக்கத்தையும் கலக்கும் வசதி) அணைத்துவிடுங்கள். அது இருந்தால் தந்திகள் தேயும் நேரத்திலேயே அடுத்த பாட்டு மேலே ஏறிவிடும். ஒலியளவைச் சமன்செய்யும் வசதியில் தேர்வு இருந்தால் பாட்டு வாரியாக வைக்காமல் ஆல்பம் வாரியாக வையுங்கள். இல்லாவிட்டால் அமைதியான பாட்டும் இரைச்சலான பாட்டும் ஒரே ஒலியளவுக்கு வந்துவிடும்.

ரீமாஸ்டரை (ஒலியைப் புதிதாகச் சீரமைத்த பதிப்பு) பழைய சிடியோடு ஒப்பிட ‘ட்ரீம்ஸ் பர்ன் டவுன்’ போதும். தொடக்கத்தில் டிரம்ஸ் பெரிய எதிரொலியோடு தனியாக அடிக்கிறது. குரல் வரும் பகுதி சாந்தமாகப் போகிறது. அது முடிந்ததும் கிதார்ச் சுவர் மேலே விழுகிறது. இரண்டு பதிப்பின் ஒலியளவையும் முதலில் சமமாக்கிக்கொள்ளுங்கள். 1 டெசிபெல் கூடினாலே அதுதான் நல்லது என்று காது சொல்லிவிடும். சமமாக்கிய பிறகு, சாந்தத்துக்கும் சுவருக்கும் இடையே எந்தப் பதிப்பில் ஒலியளவு வித்தியாசம் அதிகம், சுவருக்கு நடுவிலும் சிம்பலின் ஓசை எதில் தனியாகக் கேட்கிறது என்று பாருங்கள். சத்தத்தைக் கூட்ட ஒலியை அதிகமாக அமுக்கினால் (கம்ப்ரெஷன்) முதலில் பலியாவது இவை இரண்டும்தான்.

இசைத்தட்டில் சிக்கல் வேறு மாதிரி. நிமிடத்துக்கு 33⅓ சுற்று வேகத்தில் வெளி விளிம்பில் ஊசிக்கு அடியில் நொடிக்குச் சுமார் 50 செ.மீ. பள்ளம் ஓடுகிறது, உள்ளே வரவர அது 20 செ.மீ. அளவுக்குக் குறைகிறது. ‘வேப்பர் ட்ரெயில்’ இரண்டாம் பக்கத்தின் கடைசி என்பதால், அந்தக் குறைந்த வேகத்தில் கிதாரின் மினுக்கமும் வயலினும் அங்கேதான் கரகரக்கும். உடனே தட்டைக் குறை சொல்லாதீர்கள். ஊசியைத் துடைத்து, ஊசியைத் தாங்கும் கார்ட்ரிட்ஜின் கோணத்தை அளவுத்தாள் வைத்துச் சரிபார்த்து, ஊசி அழுத்தத்தைக் கார்ட்ரிட்ஜ் நிறுவனம் சொன்ன கிராமுக்கு வையுங்கள். பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

மிச்சமுள்ள ஏழு பாட்டை ஒதுக்க வேண்டாம், அவற்றின் வீட்டுக்கே அனுப்பிவிடுங்கள். ‘ட்ரீம்ஸ் பர்ன் டவுன்’ (இது ஆல்பத்தின் எட்டிலும் உண்டு), ‘டேஸ்ட்’, ‘ஹியர் அண்ட் நவ்’, ‘நோவேர்’ என்று ஒரு பட்டியல், அதுதான் ‘ஃபால்’. ‘அன்ஃபெமிலியர்’, ‘சென்னன்’, ‘பினீத்’, ‘டுடே’ என்று இன்னொன்று. இரண்டையும் வேறு வேறு நாளில் கேளுங்கள்.