குதிரைக்கு நாடி பார்த்தார்கள், எனக்கு யாரும் பார்க்கவில்லை

12 நாளில் கிட்டத்தட்ட 300 கிலோமீட்டர் குதிரையில் போய்விட்டு வந்து இரண்டு வாரம் ஆகிறது, தொடை இன்னும் முழுதாக என் வசம் வரவில்லை. எனக்கு 11 வயதிலிருந்து டைப் 1 சர்க்கரை நோய், உடம்பு தானாக இன்சுலின் செய்யாத வகை. அதைப் பற்றி நாலு பேருக்குச் சொல்லத்தான் இந்தப் பயணம். காரிலேயே போய்ப் பேசியிருக்கலாமே என்று கேட்டார்கள். காரிலிருந்து இறங்கி "கணையம்" என்று ஆரம்பித்தால் யார் நிற்பார்கள்? குதிரை வந்து நின்றால் கூட்டம் தானாகச் சேரும். முதலில் பிள்ளைகள், அவர்களைப் பிடிக்க ஓடிவரும் அம்மாக்கள், கொஞ்சம் தள்ளி நின்று குதிரையின் பல்லை வைத்து வயது சொல்லும் பெரியவர் ஒருவர். நின்ற இடத்திலெல்லாம் இந்த மூன்று பேரும் இருந்தார்கள்.

குதிரையின் பெயர் மின்னல். வைத்தவருக்குக் குசும்பு அதிகம். மணிக்கு 6 கிலோமீட்டர் நடக்கும், அதற்கு மேல் கேட்டால் காதைப் பின்னால் மடக்கிக்கொள்ளும். ஒரு நாளைக்கு 25 கிலோமீட்டர் என்று வைத்ததே அதனால்தான். 1925-இல் சிஃபெலி என்ற ஆசிரியர் மான்சா, காட்டோ என்ற இரண்டு குதிரைகளோடு புவனோஸ் ஐரிஸிலிருந்து கிளம்பி 1928-இல் நியூயார்க் போய்ச் சேர்ந்தார். அவரோடு பார்த்தால் நான் தெருமுனை வரை போய்வந்த கணக்கு. ஆனால் ஒன்று: அவர் கிளம்பியபோது ஒரு மனிதனுக்கு இன்சுலின் போட ஆரம்பித்தே மூன்று வருடம்தான் ஆகியிருந்தது. 1922 ஜனவரியில், டொரோன்டோவில், லியோனார்ட் தாம்ப்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு. அதற்கு முன்னால் என்னைப் போன்ற பிள்ளைகளுக்குச் சாப்பாட்டை எலும்பும் தோலுமாகிற அளவுக்குக் குறைத்து, நாளைத் தள்ளுவதுதான் வைத்தியம்.

கூடவே ஒரு கால்நடை மருத்துவர் வேனில் வந்தார். ஒவ்வொரு நிறுத்தத்திலும் நான் இறங்கியதும் என்னைத் தாண்டி நேராக மின்னலிடம் போவார். இடது முன்னங்காலின் முழங்கைக்குப் பின்னால் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து எண்ணுவார். ஓய்வில் இருக்கும் குதிரைக்கு நிமிடத்துக்கு 28-லிருந்து 44 துடிப்பு இருக்கும். நடந்து வந்து கொஞ்ச நேரத்தில் 64-க்குக் கீழே இறங்காவிட்டால் அன்றைக்கு அதற்கு மேல் கிடையாது. கழுத்துத் தோலைக் கிள்ளி விடுவார், உடனே சமமானால் உடம்பில் தண்ணீர் இருக்கிறது. ஈறை விரலால் அழுத்தி, வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் சிவக்கிறதா என்று பார்ப்பார். கடைசியாக விலாவுக்குப் பின்னால் காதை வைத்துக் குடல் சத்தம் கேட்பார். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது, அதனால் வயிற்றில் ஏதாவது சிக்கல் என்றால் அது உயிர் சமாசாரம். வயிறு கடமுடவென்று இரைந்தால் அவர் முகத்தில் வரும் நிம்மதியைப் பார்க்க வேண்டும்.

நான்காம் நாள் இதெல்லாம் முடிந்து, மின்னல் நூற்றுக்கு நூறு வாங்கி, நான் மறுபடி ஏறி அரை மணி நேரம் இருக்கும். பிடரி மயிர் இரண்டிரண்டாகத் தெரிந்தது. அடடா, அழகாக இருக்கிறதே என்று நினைத்தேன். சுகர் இறங்கும்போது எனக்கு வரும் முதல் முட்டாள்தனம் இதுதான், எதைப் பார்த்தாலும் அழகு. அப்புறம் குதிரை நின்றுவிட்டது. என் உடம்பு சரியில்லை என்று அது உணர்ந்து நின்றதாக எழுதினால் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் நடந்தது அதுவல்ல. என் கையில் கடிவாளம் தளர்ந்தது, பக்கத்தில் புல் இருந்தது, அவ்வளவுதான். கழுத்தைக் கட்டிக்கொண்டு எப்படியோ சரிந்து இறங்கி விரலைக் குத்திப் பார்த்தால் 52. 70-க்குக் கீழே போனாலே ஆபத்து வாசல். 15 கிராம் குளுக்கோஸ், 15 நிமிடம் காத்திருப்பு, மறுபடி சோதனை. அந்த 15 நிமிடம் மின்னல் புல் மேயும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தேன்.

தப்பு என்னுடையதுதான். காலையில் வழக்கம்போலத் தொடையில் ஊசி போட்டிருந்தேன். சவாரியில் நாள் முழுக்க வேலை செய்வது அந்தத் தொடைதான், வேலை செய்கிற தசைப் பக்கம் போட்ட இன்சுலின் வேகமாக ரத்தத்தில் ஏறும். இத்தனை வருடமாக ஊசி போடுகிறவனுக்கு இது தெரியாதா? தெரியும், யோசிக்கவில்லை. மறுநாளிலிருந்து வயிற்றில் போட்டேன், அளவையும் குறைத்தேன். நிறுத்தத்தில் கால்நடை மருத்துவர் குதிரைக்கு நாடி பார்க்கும்போது நான் பக்கத்தில் நின்று எனக்கு விரல் குத்துவது என்று வழக்கமாக்கினோம், இரண்டு எண்ணையும் ஒரே நோட்டில் எழுதினோம். ஏழாம் நாள் ஒரு லாரி ஹாரன் அடிக்க மின்னல் பக்கவாட்டில் துள்ளியது, விழவில்லை, ஆனால் அடுத்த சோதனையில் என் சுகர் 240. பயம் வந்தால் கல்லீரல் சர்க்கரையைத் திறந்துவிட்டுவிடும்.

இன்சுலினைச் சேணப்பையில் வைத்தால் குதிரையின் உடம்புச் சூடே போதும், கெட்டுவிடும். பனிக்கட்டியோடு ஒட்டி வைத்து உறைந்தாலும் அதைக் கொட்ட வேண்டியதுதான். தண்ணீரில் நனைத்தால் ஆவியாகிக் குளிரும் பை ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டேன்.

லாடம் சரிபார்க்க வந்தவர் சொன்ன ஒரு விஷயம் எனக்குப் புதிது. "குதிரைக்கும் இன்சுலின் தொல்லை உண்டு, ஆனா உங்களுக்குத் தலைகீழ்" என்றார். கொழுத்துப்போன மட்டக்குதிரைகளுக்கு ரத்தத்தில் இன்சுலின் ஏறிக்கொண்டே போய், குளம்புக்குள் எலும்பைப் பிடித்து நிற்கும் மெல்லிய அடுக்குகள் வலுவிழந்து, நிற்கவே முடியாமல் போய்விடுமாம். எனக்கு இல்லாமல் தொல்லை, அதற்கு அதிகமாகித் தொல்லை. அன்றைக்கு மின்னலுக்குப் புல்லைக் கொஞ்சம் குறைத்தேன், அது என்னை மன்னிக்கவில்லை.

மக்கள் கேட்டதில் பாதிக் கேள்வி, "சின்ன வயசுல நிறைய இனிப்பு சாப்பிட்டீங்களா?" இல்லை. உடம்பின் காவல்காரனே, அதாவது நோய் எதிர்ப்பு சக்தியே, தப்பாகப் புரிந்துகொண்டு, இன்சுலின் செய்யும் கணைய செல்களை அழித்துவிடுகிறான். இனிப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இதைச் சொல்லிச் சொல்லி வாய் வலித்தது. அதைவிட முக்கியமாக நான் சொன்னது நாலே அறிகுறி: ஓயாத தாகம், அடிக்கடி சிறுநீர், காரணமில்லாமல் எடை குறைவது, எப்போதும் களைப்பு. படுக்கையை நனைப்பதை விட்ட பிள்ளை மறுபடி நனைத்தாலும் அன்றே விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பாருங்கள், நாளைக்கு என்று தள்ளாதீர்கள், ஏனென்றால் ரத்தம் அமிலமாகிப் பிள்ளை மயங்கிய பிறகுதான் பல வீடுகளில் இந்த நோயின் பெயரே தெரியவருகிறது.

ஒன்பதாம் நாள் எல்லோரும் கலைந்த பிறகு ஒரு அம்மா தயங்கி வந்தார். "பையன் தண்ணியா குடிச்சுக்கிட்டே இருக்கான் தம்பி, ராத்திரி ரெண்டு தடவை எந்திரிக்கிறான்." இன்றைக்கே பாருங்கள் என்று சொல்லி என் எண்ணைக் கொடுத்தேன். அன்று மாலை முழுக்க போனைப் பார்த்தபடி இருந்தேன். எட்டு மணிக்குச் செய்தி வந்தது: "சுகர் 98தான், டாக்டர் ஒண்ணுமில்லைன்னுட்டார். இப்போ குதிரை வேணும்னு அழறான், அதுக்கு என்ன மருந்து?"