அளத்துக் கணக்கு

2024 பிப்ரவரி 11, ஞாயிறு

மதியச் சாப்பாட்டின்போது மைத்துனர் ஆரம்பித்தார். "ரேஷன்ல அரிசி சும்மா, மாசம் ஆயிரம் ரூபாய், நூறு நாள் வேலை. இத்தனையும் குடுத்தும் ஒருத்தன் முன்னேறலேன்னா அது அவன் சோம்பேறித்தனம்தான அத்தான்?"

பதில் சொல்லவில்லை. முப்பத்தொரு வருடம் வங்கிக் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து நானும் அப்படித்தான் நினைத்தேன். உப்பளத்தில் இருந்து கடன் கேட்டு வந்தவர்களின் வெடித்த பாதங்களைப் பார்த்தே, 'இவர்கள் கட்ட மாட்டார்கள்' என்று முடிவு செய்து அனுப்பியிருக்கிறேன். அது இன்றும் உறுத்துகிறது.

ஓய்வுக்குப் பிறகு, தூத்துக்குடி அருகே முள்ளக்காடு பக்கம், உப்பளத்தில் வேலை செய்யும் பன்னிரண்டு பெண்கள் இருக்கும் ஒரு சேமிப்புக் குழுவுக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். இந்த ஒரு சீசன் முழுக்கக் கண்ணில் படுவதை எழுதி வைக்கலாம் என்று தோன்றுகிறது.

2024 மார்ச் 3, ஞாயிறு

போன டிசம்பர் மழையில் உப்புப் பாத்திகள் எல்லாம் சேறு. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் கொட்டியதே, அந்த மழைதான். அம்பாரமாகக் குவித்து ஓலை போட்டு மூடியிருந்த உப்பும் கரைந்து போனது. வழக்கமாகத் தை மாசியில் தொடங்க வேண்டிய வேலை தள்ளிப் போய்விட்டது. இப்போது சேற்றை அள்ளிப் பாத்தியை மிதித்துக் கெட்டிப்படுத்துகிறார்கள்.

குழுவில் இன்று புதிதாக ஒரு சேமிப்பு தொடங்கினோம். வாரம் 50 ரூபாய், மழைக்காலத்துக்கென்று தனியாக. யோசனை என்னுடையது அல்ல, குழுத் தலைவியுடையது. "மழைக்கு மொதலாளிட்ட முன்பணம் வாங்குனா அடுத்த சீசன் அவர்ட்டதான் நிக்கணும் சார். கூலி கூடக் குடுக்கிற அளத்துக்குப் போவ முடியாது. போன வருசம் வாங்குனதே இன்னும் கழியல."

அக்டோபர் முதல் டிசம்பர் வரை உப்பு விளையாது, கூலியும் கிடையாது. வயிறு மட்டும் மூன்று மாதம் விடுமுறை எடுப்பதில்லை. முன்பணம் அங்கேதான் நுழைகிறது. அது கையில் வந்த நாளே அடுத்த ஒன்பது மாதத்துக்குப் பேரம் பேசும் உரிமை போய்விடுகிறது. இத்தனை வருடம் வட்டியைக் கணக்குப் போட்ட எனக்கு இந்த இழப்பை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று தெரியவில்லை.

2024 ஏப்ரல் 21, ஞாயிறு

விடியற்காலை நாலரைக்கு அவர்களோடு அளத்துக்குப் போனேன். ஒருநாளாவது பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாளாக எண்ணம். ஆண்கள் பாத்திக்குள் இறங்கி வாருபலகையால் உப்பை வரப்புக்கு இழுக்கிறார்கள். மேல்பரப்பு உடையும்போது கண்ணாடி நொறுங்குவது போலச் சத்தம். பெண்கள் சும்மாடு வைத்துத் தலையில் சுமந்து அம்பாரத்தில் கொட்டுகிறார்கள். எட்டு மணிக்கெல்லாம் வெள்ளை வெளிச்சத்தில் எனக்குக் கண் திறக்க முடியவில்லை.

தலைவியின் குதிகாலில் ஒரு வெடிப்பு, சுண்டுவிரல் நுனி நுழையும் அளவுக்கு. அதில் பழைய சேலைத் துணியை மெழுகில் நனைத்து அடைத்திருந்தார். "பூட்ஸ் போடலாமே" என்றேன். "உள்ள உப்புத்தண்ணி போயிருச்சுன்னா வெறுங்கால விட மோசம் சார்." அப்புறம் கவனித்தேன், வேலை முடியும் வரை பெண்கள் யாரும் தண்ணீர் குடிக்கவில்லை. ஒதுங்க இடம் இல்லை, அதனால்தான். சிறுநீர்த் தொற்று, மருந்துச் செலவு, வேலைக்குப் போகாத நாளின் கூலி என்று குழு நோட்டில் நான் தனித்தனியாக எழுதியதெல்லாம் அங்கே தொடங்குகிறது.

சோம்பேறித்தனம் என்ற சொல்லை அந்த வரப்பில் நின்று என்னால் உச்சரிக்க முடியாது.

2024 மே 12, ஞாயிறு

இன்று குழுவில் ஒருவரோடு சண்டை போட்டேன், பிறகு மன்னிப்புக் கேட்டேன். மகளின் சடங்குக்கு 40,000 ரூபாய் செலவழித்திருக்கிறார். அதில் பத்தாயிரம் தண்டல். கையில் கொடுத்தது 8,500, நூறு நாளைக்கு நாளொன்றுக்கு நூறு கட்ட வேண்டும். "கடன் வாங்கிப் பந்தல் போடணுமாம்மா?" என்று சத்தம் போட்டுவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை. உள்ளே போய் மொய் நோட்டை எடுத்து வந்தார். இருபது வருடமாக யார் வீட்டில் எவ்வளவு செய்தார், யார் திருப்பிச் செய்தார்கள் என்று பக்கம் பக்கமாக இருந்தது. சடங்கில் வந்த மொய் 31,000. டிசம்பர் வெள்ளத்தில் வீட்டுக்குள் தண்ணீர் வந்தபோது பதினோரு நாள் சோறு போட்டது யார் என்று அதே நோட்டில் பெயர்களைத் தொட்டுக் காட்டினார். "இவிய வீட்டு விசேசத்துக்கு நா போவலேன்னா எனக்கு யார் சார் வருவா?"

வட்டியில்லாக் கடன், காப்பீடு இரண்டும் அந்த ஒரு நோட்டுக்குள் இருக்கின்றன. அதைத்தான் நான் வீண் செலவு என்று கத்தினேன். தண்டல் வாங்கியது தவறு என்று இப்போதும் சொல்வேன். பந்தல் போட்டதைத் தவறு என்று சொல்ல இனி எனக்கு வாய் வராது.

2024 ஜூன் 9, ஞாயிறு

நாளை பள்ளி திறக்கிறது. நோட்டு, பை, ஷூ என்று எல்லோருக்கும் செலவு. குழுவில் மூன்று பேர் இந்த வாரம் 50 ரூபாய் கட்டவில்லை.

ஒரு ஆய்வு நினைவுக்கு வந்தது. விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் 54 கிராமங்களைச் சேர்ந்த 464 கரும்பு விவசாயிகளை அறுவடைக்கு முன்பும் பின்பும் சோதித்தார்கள். செந்தில் முல்லைநாதன், ஆனந்தி மணி உள்ளிட்டோர் செய்து 2013இல் வெளிவந்தது. அதே மனிதர்தான். ஆனால் கையில் காசில்லாத அறுவடைக்கு முந்திய நாட்களில் யோசித்து விடை சொல்லும் திறன் குறைந்திருந்தது, காசு வந்தபின் தேறியிருந்தது. ஆளின் புத்தி மாறவில்லை. அதில் ஒரு பங்கைப் பணக் கவலை பிடித்து வைத்திருந்தது, அவ்வளவுதான்.

'யோசிக்காமல் செலவழிக்கிறார்கள்' என்பது மைத்துனரின் இன்னொரு வாக்கியம். அடுத்த முறை வரும்போது இதைச் சொல்ல வேண்டும்.

2024 ஜூலை 28, ஞாயிறு

எழுதத் தயங்கிய விஷயத்தை இன்று எழுதிவிடுகிறேன். குழுவில் ஒருவரின் கணவர் மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு வைத்திருந்த 6,000 ரூபாயை எடுத்துக் குடித்துவிட்டார். இதற்கு வெயிலையும் கூலியையும் காரணம் காட்ட எனக்கு மனமில்லை. அதே வெயிலில், அதே கூலியில் குடிக்காதவர்கள் பக்கத்து வீட்டிலேயே இருக்கிறார்கள். அவர் செய்தது தவறு. நேரிலும் சொன்னேன். தலை குனிந்து கேட்டுக்கொண்டார்.

ஆனால் வீடு திரும்பும் வழியெல்லாம் என் அண்ணன் நினைவு. அவரும் இருபது வருடம் குடித்தார். அரசு வேலை, மாதச் சம்பளம், அப்பா கட்டிய வீடு. அவர் பிள்ளைகளின் கட்டணம் ஒருமுறைகூடத் தவறவில்லை. குடி அவர் ஈரலைத்தான் தின்றது, குடும்பத்தைத் தெருவில் நிறுத்தவில்லை. இரண்டு பேர் செய்ததும் ஒரே தவறு. ஒருவர் வீட்டில் அதற்கான விலையை ஒரு பதினெட்டு வயதுப் பெண் கட்டுகிறாள். பொறுப்பு பற்றி உபதேசிப்பவர்கள் இந்த விலை வித்தியாசத்தைப் பற்றியும் பேச வேண்டும் என்று கேட்பேன்.

கட்டணத்தைக் குழுவின் பொதுச் சேமிப்பில் இருந்து கொடுத்தார்கள். மழைப் பணத்தில் கை வைக்கவில்லை.

2024 செப்டம்பர் 15, ஞாயிறு

வாரத் தவணையில் கடன் கொடுக்கும் நிறுவனத்துக்காரர்கள் வந்து போனார்கள். ஒரே வீட்டில் மூன்று நிறுவனங்களின் அட்டை. மாத வருமானத்தில் பாதிக்கு மேல் தவணை போகக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022இல் விதி செய்தது. இந்த வீட்டில் வருமானத்தை எழுதும்போது ஆண்டு முழுக்க வேலை இருப்பதாக எழுதியிருக்கிறார்கள். மூன்று மாத மழை அந்தப் படிவத்தில் இல்லவே இல்லை.

2024 அக்டோபர் 13, ஞாயிறு

தெற்கே மேகம் கறுத்திருக்கிறது. வேலை ஏறக்குறைய நின்றுவிட்டது.

மழைச் சேமிப்பை இன்று பிரித்தோம். 33 வாரம், பன்னிரண்டு பேர். தவறிய தவணைகள் பதினொன்று. மொத்தம் 19,250 ரூபாய். ரொம்பத் தேவைப்பட்ட ஏழு பேருக்கு ஆளுக்கு 2,500, மாதம் நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டியில். யார் அந்த ஏழு பேர் என்பதை அவர்களே பேசி முடிவு செய்தார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. குடிகாரக் கணவர் உள்ள வீட்டுக்கு முதலில் கொடுத்தார்கள்.

தலைவி விரல் மடக்கிக் கணக்குச் சொன்னார். வழக்கமாக முன்பணம் பத்தாயிரம். குழுவில் 2,500. அரசின் மழைக்கால நிவாரணம் 5,000 வந்துவிட்டால் மீதி 2,500தான் முதலாளியின் கங்காணியிடம் கேட்க வேண்டும். "ரெண்டாயிரத்து ஐநூறுன்னா சித்திரைக்குள்ள கழிச்சிரலாம் சார். அப்புறம் எந்த அளத்துக்கும் போவலாம்."

நிவாரணம் எப்போது வரும் என்று கேட்டேன். போன தடவை எப்போது வந்தது என்று நோட்டைப் புரட்டிப் பார்க்கச் சொன்னார். புரட்டிக்கொண்டிருக்கும்போதே ஓட்டின் மேல் முதல் தூறல் விழுந்தது. எல்லோரும் எழுந்து, காயப் போட்ட விறகை உள்ளே எடுக்க ஓடினார்கள்.