ராஜ்யம் இல்லாத ராஜாவின் பதக்கம்: ஹோஹென்சோலர்ன் தேடல், இதுவரை

1841 டிசம்பர் 5 அன்று, ஜெர்மனியின் தென்மேற்கு மூலையில் இருந்த இரண்டு குட்டி சமஸ்தானங்கள் சேர்ந்து ஒரு கௌரவச் சின்னத்தை ஏற்படுத்தின. ஹோஹென்சோலர்ன்-சிக்மாரிங்கன் ஒன்று, ஹோஹென்சோலர்ன்-ஹெஹிங்கன் இன்னொன்று. இரண்டையும் கூட்டினாலும் 1142 சதுர கிலோமீட்டர்தான். எட்டே வருடத்தில் இரண்டும் பெரிய ஜெர்மன் ராஜ்யமான பிரஷ்யாவிடம் போய்விட்டன: 1849 டிசம்பரில் ஒப்பந்தம், 1850இல் ஒப்படைப்பு. ராஜ்யம் போனாலும் பதக்கம் நிற்கவில்லை. முதல் உலகப் போர் முடியும் வரை சிக்மாரிங்கன் அரண்மனையிலிருந்து அது வந்துகொண்டே இருந்தது. யார் யாருக்கு வந்தது என்று தேடுவதுதான் கொஞ்ச காலமாக என் ஞாயிற்றுக்கிழமை வேலை.

இதற்குள் வந்தது எம்டன் வழியாக. 1914 செப்டம்பர் 22 இரவு சென்னையில் பர்மா ஆயில் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போன அதே கப்பல்தான். அதில் டார்பிடோ பிரிவின் இரண்டாவது அதிகாரியாக இருந்தவர் ஃபிரான்ஸ் யோசெஃப், சிக்மாரிங்கன் வம்சத்து இளவரசர். 1891இல் பிறந்தவர், அப்போது வயது 23. நவம்பர் 9ஆம் தேதி கோகோஸ் தீவுகள் அருகே ஆஸ்திரேலியக் கப்பலான சிட்னி எம்டனை நொறுக்கியபோது தப்பிப் பிழைத்து, பிடிபட்டு, மால்டாவில் கைதியாக இருந்தார். பிற்பாடு எம்டனில் இருந்தவர்களுக்குத் தங்கள் பெயரோடு கப்பல் பெயரையும் சேர்த்துக்கொள்ள அனுமதி கிடைத்தது. இவரும் ஹோஹென்சோலர்ன்-எம்டன் ஆனார். இவருடைய அப்பா வில்ஹெல்ம் 1905 முதல் 1927 வரை வம்சத் தலைவர். அதாவது, போர்க்காலத்தில் நான் தேடும் பதக்கத்தைக் கொடுத்துக்கொண்டிருந்தவர்.

(எம்டனில் கிடைத்த மெக்சிகோ வெள்ளி டாலர்களை எடுத்து, மேலே ஒரு மாட்டி பொருத்தி, சிட்னி கப்பல்காரர்களுக்குப் பதக்கமாகக் கொடுத்தார்கள். சமஸ்தானமும் இல்லை, ராஜாவும் இல்லை, சண்டையில் பிடித்த காசே பதக்கம். அது தனிக் கதை. இங்கே ஆரம்பித்தால் முடியாது.)

முதல் சிக்கல் பெயரில். ‘ஹோஹென்சோலர்ன்’ என்று போட்டுத் தேடினால் மூன்று வெவ்வேறு சமாச்சாரங்கள் கலந்துகட்டி வரும். சமஸ்தானங்கள் பிரஷ்யாவோடு சேர்ந்த பிறகு, மன்னர் நான்காம் ஃபிரீட்ரிஷ் வில்ஹெல்ம் அந்த விருதின் அமைப்பை எடுத்துக்கொண்டு 1851இல் ஓர் அரச விருதாக்கினார். பழைய சமஸ்தான விருதும் வம்ச விருதாகத் தொடர்ந்தது. அதே 1851இல், 1848–49 கலகங்களை அடக்கிய படைவீரர்களுக்கென்று பிரஷ்யா ஒரு வெண்கலப் பதக்கமும் வெளியிட்டது. அதற்கும் ஹோஹென்சோலர்ன் பெயர்தான். ஒரே பெயரில் மூன்று.

இவற்றில் அரச விருதுதான் ஊரறிந்தது. முதல் உலகப் போரில், இரும்புச் சிலுவை முதல் வகுப்புக்கும் பிரஷ்யாவின் உச்ச ராணுவ விருதான ‘பூர் ல மெரித்’துக்கும் நடுவில் ஒரு படி மாதிரி, வாள் பொருத்திய அரச ஹோஹென்சோலர்ன் சிலுவையைக் கொடுத்தார்கள். அதை மட்டும் 8000 பேருக்கு மேல் வாங்கியிருக்கிறார்கள். விமானிகள் பற்றிய எந்தக் கட்டுரையைத் திறந்தாலும் இது எட்டிப் பார்க்கும். ஆகவே தேடலில் வருவதில் பத்துக்கு ஒன்பது அரச விருதாகவே இருக்கும். சமஸ்தான விருது அடியில் எங்கேயோ கிடக்கும்.

படத்தில் பார்த்தால் இரண்டும் அண்ணன் தம்பிதான். இரண்டிலும் கறுப்பு வெள்ளை எனாமல், சிலுவையின் கைகளுக்கு நடுவே ஒரு பக்கம் லாரல் இலை, மறு பக்கம் ஓக் இலை. ரிப்பனும் வெள்ளையில் கறுப்புக் கோடுகள்தான். வித்தியாசம் நடு வட்டத்தில் இருக்கிறது. அரச விருதில் பிரஷ்யக் கழுகும், சுற்றி ‘பாறையிலிருந்து கடல் வரை’ என்ற வாசகமும் இருக்கும். சமஸ்தான விருதில் சோலர்ன் குலத்தின் கேடயம், நான்கு கட்டம், வெள்ளையும் கறுப்பும் மாறி மாறி. வாசகம் ‘விசுவாசத்துக்கும் சேவைக்கும்’. மேலே உள்ள கிரீடமும் வேறு, ஆனால் பழைய படங்களில் அதை நம்ப முடியாது, ரிப்பன் மடிப்பில் மறைந்துபோகும்.

இதைப் படங்களில் பழகிக்கொள்ளத்தான் நிறைய நேரம் போனது. அந்தக் காலத்து அதிகாரிகள் ஸ்டுடியோவில் நின்று எடுத்துக்கொண்ட அஞ்சலட்டைப் படங்கள் இணையத்தில் ஏராளம். நெஞ்சில் உள்ள சிலுவை, திரையில் பெரிதாக்கினால்கூட ஒரு மிளகளவுதான் வரும். வாசகம் படிப்பதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். நான் பார்ப்பது வட்டத்துக்குள் இருட்டு எங்கே விழுகிறது என்பதை மட்டும். கழுகு என்றால் நடுவில் ஒரே திட்டாக அடைத்துக்கொண்டிருக்கும். கேடயம் என்றால் இருட்டு இரண்டாகப் பிரிந்து எதிரெதிர் மூலையில் நிற்கும், நடுவில் வெளிச்சம் குறுக்கே போகும். படத்தின் மாறுபாட்டைக் கொஞ்சம் குறைத்துப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகத் தெரிகிறது. கூட்டினால் எல்லாம் கறுப்பாகி, எல்லோரும் கழுகு வாங்கியவர்கள் ஆகிவிடுவார்கள். வெறும் ரிப்பன் பட்டை மட்டும் குத்தியிருந்தால் படத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. அவற்றைத் தனிக் கோப்பில் ‘சந்தேகம்’ என்று போட்டு வைத்திருக்கிறேன். அந்தக் கோப்புதான் வேகமாக வளர்கிறது.

பதக்கம் வாங்குவதில்லையா என்று கேட்கிறார்கள். வாங்குவதில்லை. வாள் இல்லாத சிலுவை சாதாரண சேவைக்கு, வாள் பொருத்தியது போர்க்களத்துக்கு. விலையில் இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். வாளைப் பிற்பாடு பற்றவைத்து விற்கிற வித்தை பதக்கச் சந்தையில் பழசு. எனக்கு வேண்டியது ஆள், உலோகம் இல்லை.

அந்த ஆளைக் கண்டுபிடிக்கப் போகும்போதுதான் இரண்டாவது சிக்கல். பிரஷ்ய ராணுவத்தின் ஆவணங்கள் போட்ஸ்டாமில் இருந்தன. 1945 ஏப்ரல் 14 இரவு பிரிட்டிஷ் விமானங்கள் போட்ஸ்டாமில் குண்டு வீசின, ஆவணக்காப்பகம் எரிந்தது. யாருக்கு எப்போது என்ன கொடுத்தார்கள் என்கிற கோப்புகள், சிப்பாய்களின் பதிவேடுகள் எல்லாம் பெரும்பாலும் சாம்பல். பவேரியாவின் பதிவேடுகள் மியூனிக்கில் தப்பிவிட்டன, அதனால் பவேரியப் பதக்கம் தேடுகிறவர்கள் கொடுத்துவைத்தவர்கள். பிரஷ்யா என்றதும் பலரும் கையை விரித்துவிடுவார்கள்.

இங்கேதான் நான் பதக்கத்தை விட்டுவிட்டுப் பட்டாளத்தைப் பிடித்தேன். போர்க்காலத்தில் சமஸ்தான விருது கண்டபடி இறைக்கப்பட்டதல்ல. பெரும்பாலும் ஒரே ரெஜிமென்டைச் சுற்றியே போனது: 40ஆம் எண் ஃபியூசிலியர் (காலாட்படை) ரெஜிமென்ட். முழுப் பெயரிலேயே ‘ஹோஹென்சோலர்ன் இளவரசர் கார்ல் அன்டோன்’ இருக்கிறது. இதன் முகாம் 1914இல் சிக்மாரிங்கனிலும் இல்லை, பிரஷ்யாவின் மையப் பகுதியிலும் இல்லை, பாடன் நாட்டின் ராஷ்டாட்டில் இருந்தது. 28ஆவது டிவிஷன், 14ஆவது ஆர்மி கோர். அந்த 14ஆவது கோர் பாடனுடையது என்பதால் அதன் காகிதங்கள் கார்ல்ஸ்ரூஹ ஆவணக்காப்பகத்துக்குப் போயின. போட்ஸ்டாம் தீ அவற்றைத் தொடவில்லை. பிரஷ்ய ரெஜிமென்ட் ஒன்றின் தடயம், ராணுவ ஒழுங்கில் யாரோடு சேர்த்தார்கள் என்கிற ஒரே காரணத்தால் பிழைத்திருக்கிறது. வம்சத்தின் சொந்தக் காகிதங்களோ சிக்மாரிங்கன் அரசு ஆவணக்காப்பகத்தில் பாதுகாப்பில் இருக்கின்றன. கொடுத்தவர் பக்கம் ஓர் ஊர், வாங்கியவர் பக்கம் இன்னோர் ஊர். இரண்டின் பட்டியல்களையும் இணையத்தில் பார்க்கலாம். எதைக் கேட்பது என்று முடிவு செய்ய அதுவே போதும்.

இந்த ரெஜிமென்டின் கதையைச் சொல்லாமல் போக மனமில்லை. கார்ல் அன்டோன் சமஸ்தானத்தை விட்டுக்கொடுத்த கடைசி சிக்மாரிங்கன் ஆட்சியாளர். பிறகு 1858 முதல் 1862 வரை பிரஷ்யாவின் பிரதமராகவே இருந்தார். ராஜ்யத்தைக் கொடுத்தவருக்குப் பதவி கிடைத்தது என்று சொல்லலாம், தப்பில்லை. ஒரு மகன் கரோல் 1866இல் ருமேனியாவின் ஆட்சிக்குப் போனார். அதே வருடம் இன்னொரு மகன் அன்டோன், 24 சொச்சம் வயதில், க்யோனிக்கிராட்ஸ் போரில் பட்ட காயத்தால் இறந்தார். மூத்த மகன் லியோபோல்டைத்தான் ஸ்பெயின் சிம்மாசனத்துக்குக் கூப்பிட்டார்கள். பிரான்ஸ் கொதித்தது. 1870 ஜூலை 12ஆம் தேதி அப்பாவே மகன் சார்பில் விலகல் அறிவித்தும் பயனில்லை, ஒரு வாரத்தில் போர். ஆகஸ்ட் 6ஆம் தேதி ஷ்பிஷெர்ன் குன்றில் ஏறிச் சண்டை போட்டவர்களில் இந்த 40ஆம் ரெஜிமென்டும் உண்டு. வம்சத்து வீட்டு விவகாரத்தில் கிளம்பிய போரில் வம்சத்தின் பெயரைத் தாங்கிய பட்டாளம் செத்து விழுந்தது. அந்தப் போருக்கான வாள் பொருத்திய சிலுவைகளைப் பார்க்கும்போது இது எனக்கு நினைவுக்கு வராமல் இருப்பதில்லை.

ருமேனியா தொடர்பு தேடலுக்கும் உதவுகிறது. போருக்கு முந்தைய அதிகாரிகள் பட்டியலில் ஒருவர் பெயருக்குப் பக்கத்தில் சமஸ்தான விருதும் ருமேனிய விருதும் சேர்ந்து நின்றால், அவர் சிக்மாரிங்கன் அரண்மனையோடு ஏதோ ஒரு விதத்தில் புழங்கியவர் என்று எடுத்துக்கொண்டு மேலே பார்க்கலாம். 1916 ஆகஸ்டில் இது தலைகீழானது. ருமேனியாவின் மன்னர் ஃபெர்டினாண்ட், நம் வில்ஹெல்மின் கூடப்பிறந்த தம்பி, ஜெர்மனிக்கு எதிராகப் போரில் இறங்கிவிட்டார். கைசர் அவர் பெயரை வம்சப் பட்டியலிலிருந்தே அடித்துவிட்டார். அண்ணன் கொடுத்த சிலுவையும் தம்பி நாட்டுச் சிலுவையும் ஒரே நெஞ்சில் குத்தியிருந்தவர்கள் அதற்கப்புறம் என்ன செய்தார்கள் என்று 1917 படங்களில் தேடிக்கொண்டிருக்கிறேன்.

சரி, வேலை எப்படி நடக்கிறது என்றால், அடிப்படை 1914ஆம் வருட அதிகாரிகள் பட்டியல். ரெஜிமென்ட் வாரியாக, பதவி வாரியாக, ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் விருதுகளைக் குறியீட்டிலும் சுருக்கெழுத்திலும் கொடுத்திருப்பார்கள். எறும்பு சைஸ் அச்சு, அதுவும் ஃபிராக்டூர் என்கிற பழைய ஜெர்மன் அச்செழுத்து. ‘எஸ்’ஸும் ‘எஃப்’பும் இரட்டைப் பிள்ளைகள், குறுக்குக் கோடு எவ்வளவு நீளம் என்பதில்தான் வித்தியாசம். 40ஆம் ரெஜிமென்ட் பக்கத்தை முழுசாக அட்டவணையில் ஏற்றிவிட்டேன். இதிலிருந்து கிடைப்பது போருக்கு முந்தைய நிலவரம். போர் முழுக்க இந்தப் பட்டியல் இப்படி அச்சாகவில்லை.

போர்க்காலத்துக்கு இழப்புப் பட்டியல்கள். இறந்தவர், காயம்பட்டவர், காணாமல்போனவர் என்று பிரஷ்ய அரசு கிட்டத்தட்ட தினமும் அச்சடித்துத் தள்ளியவை. ஜெர்மன் வம்சாவளி ஆர்வலர் சங்கம் ஒன்றின் தன்னார்வலர்கள் இதை வரிவரியாகத் தட்டச்சு செய்து, பெயர் போட்டுத் தேடும்படி வைத்திருக்கிறார்கள். எண்பது லட்சத்துக்கும் மேல் பெயர்கள். இப்படி ஒரு வேலையைச் சம்பளமில்லாமல் செய்தவர்களுக்குத்தான் முதலில் பதக்கம் குத்தவேண்டும். ஆரம்ப வருடங்களில் பட்டியல் ரெஜிமென்ட் வாரியாக இருக்கிறது: கம்பெனி, பதவி, பெயர், ஊர், ‘லேசான காயம்’ அல்லது ‘வீழ்ந்தார்’. 1914 ஆகஸ்டில் மியூல்ஹௌசனில் தொடங்கி, அடுத்த வருடம் லொரெட்டோ குன்றுகள் வரை 40ஆம் ரெஜிமென்டைப் பக்கம் பக்கமாகத் தொடர முடிகிறது. 1916 முடிவோடு ராணுவம் உஷாராகிவிட்டது. ரெஜிமென்ட் பெயரை எடுத்துவிட்டு அகரவரிசையில் போட ஆரம்பித்தார்கள், எதிரிக்குத் தெரியக்கூடாது என்று. எதிரிக்கு மட்டுமா, எனக்கும் தெரியாமல் போனது.

அதற்கப்புறம் உதவுவது பத்திரிகைகளில் வந்த இரங்கல் விளம்பரங்கள். குடும்பத்தார் கொடுத்த விளம்பரத்தில் விருதுகளை ஒன்று விடாமல் எழுதியிருப்பார்கள், அதிலும் குறுநில விருதை எழுதாமல் விடுவதே இல்லை. அரசிதழில் ஒரு வரி காட்டாததை அப்பா அம்மா நாலு வரியில் காட்டிவிடுகிறார்கள். ஜெர்மன் நூலகங்கள் ஏற்றியிருக்கும் பழைய பத்திரிகைகளில் இதைத் தேடுவது மெதுவான வேலை, கணினி ஃபிராக்டூரைத் தாறுமாறாகப் படித்து வைத்திருக்கிறது. பெயரைத் தேடுவதை விட ‘40’ என்ற எண்ணோடு ‘ராஷ்டாட்’ சேர்த்துத் தேடினால் அதிகம் சிக்குகிறது. எண்ணைக் கணினி அவ்வளவாகச் சொதப்புவதில்லை.

கையெழுத்துக் கோப்புகளுக்காக குரென்ட் என்கிற பழைய ஜெர்மன் கையெழுத்தும் பழகுகிறேன். அதில் ‘இ’ (e) என்பது இரண்டு சாய்ந்த கோடு, ‘என்’ என்பதும் கிட்டத்தட்ட அதேதான். ‘யு’வுக்குத் தலையில் ஒரு வளைவு போட்டு அடையாளம் காட்டுவார்கள், அவசரத்தில் எழுதிய எழுத்தர் என்றால் அதுவும் இருக்காது. மாதப் பெயர்களிலும் பதவிப் பெயர்களிலும் ஆரம்பித்தால் சுலபம். என்ன வார்த்தை வரும் என்று முன்கூட்டியே தெரிவதால் எழுத்து தானாகப் பிடிபடுகிறது.

இன்றைய நிலையில் அதிகாரிகள் பக்கம் ஓரளவு உருவம் வந்துவிட்டது. மூன்றாம் வகுப்பு கௌரவச் சிலுவை வாங்கியவர்கள்தான் அதிகம், இளம் லெப்டினன்டுகளும் கேப்டன்களும். தொக்கி நிற்பது அதிகாரி அல்லாதவர்கள். அவர்களுக்குச் சிலுவை கிடையாது. தங்க கௌரவப் பதக்கம், வெள்ளி சேவைப் பதக்கம், அவ்வளவுதான். அதிகாரிகள் பட்டியலில் அவர்கள் பெயர் இருக்காது, இரங்கல் விளம்பரம் கொடுக்கும் வசதியும் பல குடும்பங்களுக்கு இல்லை. இவர்களுக்காக இழப்புப் பட்டியலைத் தலைகீழாகப் பிடிக்கப் பார்க்கிறேன். 1917க்குப் பிந்தைய பட்டியலில் ரெஜிமென்ட் இல்லாவிட்டாலும் ஊரும் பிறந்த தேதியும் இருக்கின்றன. 1916 வரை 40ஆம் ரெஜிமென்டில் காயம்பட்டுத் திரும்பியவர்களின் பெயரையும் ஊரையும் எடுத்து, அதே ஜோடி பின்னால் மறுபடி வருகிறதா என்று பொருத்துவது. எல்லா ஊருக்கும் ஒரேயடியாகப் போக முடியாது என்பதால் சிக்மாரிங்கன் வட்டாரத்துக் கிராமங்களை முதலில் எடுத்திருக்கிறேன். கார்ல்ஸ்ரூஹவுக்கு எழுத வேண்டிய கோப்பு எண்களைக் குறித்து வைத்தாயிற்று. நகல் கட்டணம் எவ்வளவு வருமென்று பதில் வந்ததும், அதிகாரிகளின் கோப்பா, கம்பெனிக் காகிதங்களா, எதை முதலில் கேட்பதென்று முடிவு செய்யவேண்டும்.