தம்பியோட ப்ரொபேஷன் லெட்டரும் எங்க வீட்டு ரகளையும்

டிசம்பர் 20, காரைக்குடி

அமெரிக்காவுல மாஸ்டர்ஸ் படிக்கிற தம்பி லீவுக்கு வந்ததுலேர்ந்து போனைக் கவுத்தே வச்சிருந்தான். இன்னைக்கு மத்தியானம் எல்லாரும் தூங்கினப்புறம் முகப்புல வந்து உக்காந்து, "ஆச்சி, என்னை ப்ரொபேஷன்ல போட்டுட்டாங்க"ன்னான். (எங்க பக்கம் அக்காவைத்தான் ஆச்சின்னு கூப்பிடுவோம். ப்ரொபேஷன்னா மார்க் கொறைஞ்சதுக்கு யுனிவர்சிட்டி குடுக்குற எச்சரிக்கை.) முதல் செமஸ்டர்ல மூணு பேப்பர், ஒவ்வொண்ணும் 3 கிரெடிட், ஏ மைனஸ், பி, சி. அதாவது 4-க்கு 3.7, 3.0, 2.0, சராசரி 2.9. மாஸ்டர்ஸ் பசங்களுக்கு அங்க பெரும்பாலான யுனிவர்சிட்டில 3.0 தான் கோடு. நமக்கு பாஸா அரியரான்னுதான் தெரியும், இவன் எதுலயும் பெயில் ஆகலை, அந்த ஒரு சி மட்டும் மொத்தத்தையும் கீழ இழுத்துருச்சு. லெட்டர்ல அடுத்த செமஸ்டருக்குள்ள 3.0-க்கு வரணும், இல்லைன்னா வெளிய அனுப்பலாம்னு இருக்கு.

டிசம்பர் 21

அப்பச்சிகிட்ட, அதான் எங்க அப்பாகிட்ட, சொல்லியாச்சு. உடனே நம்பர் குடு, டீன்கிட்ட நான் பேசுறேன்னாரு. அங்க அப்படிப் பேச முடியாது. 1974-லயே ஃபெர்பான்னு ஒரு சட்டம் வந்திருச்சு, காலேஜ் படிக்கிற பையனோட மார்க்கை அவன் எழுத்துல சம்மதம் குடுக்காம பொதுவா பெத்தவங்ககிட்ட கூட சொல்ல மாட்டாங்க. "பணம் கட்டுறது நானு, மார்க்கு கேக்க இவன்கிட்ட கையெழுத்து வாங்கணுமா?" சாப்பிடுற வரைக்கும் இதையே சொல்லிட்டு இருந்தாரு.

ஆத்தாவுக்கு விசா பயம். ப்ரொபேஷன்னா விசா போகாது, முழு லோடு (குறைஞ்சபட்சம் எடுக்க வேண்டிய கிரெடிட் அத்தனையும்) படிச்சிட்டு இருந்தா எஃப் 1 மாணவர் விசா அப்படியேதான் இருக்கும், காலேஜ் வெளிய அனுப்பினாத்தான் சிக்கல். அப்ப அடுத்த தடவை ஒரு பேப்பரை விட்டுட்டு லேசா படிக்கட்டுமேன்னு கேட்டாங்க பாருங்க, அங்கதான் பசங்க மாட்டுறது. இன்டர்நேஷனல் ஆபீஸ்ல அனுமதி வாங்காம முழு லோடுக்குக் கீழ இறங்கினா மார்க் நல்லா இருந்தாலும் விசா ஸ்டேட்டஸ் போயிரும்.

டிசம்பர் 24

தம்பியோட ஸ்கூல்ல படிச்ச தேவகோட்டைப் பையன் கிறிஸ்துமஸுக்கு ஊருக்கு வந்திருக்கான், கேக் குடுக்க வீட்டுக்கு வந்தான். அவனும் அமெரிக்காவுலதான், செமினரில எம்.டிவ், பாதிரியார் ஆகுறதுக்கான மூணு வருஷப் படிப்பு. பேச்சுவாக்குல பார்த்தா அவனும் ப்ரொபேஷன்! அவங்க எடத்துல கோடு 2.5 தான், ஆனா பழைய ஏற்பாட்டு மொழி எபிரேயம் கவுத்திருச்சாம். அதுபோக சபைல போய் ஊழியம் பழகுறதுக்குத் தனி ரிப்போர்ட்டு, அனுப்பின சபைக்கும் தகவல் போகுமாம். "அக்கா, கடவுள் அழைச்சாருன்னு ஊரே கூடி வழியனுப்பிச்சு, இப்ப எபிரேய வினைச்சொல்லு உள்ள விட மாட்டேங்குது"ன்னு சிரிக்கிறான். எனக்கென்னமோ தம்பியை விட இவன் பாடுதான் கஷ்டம்னு தோணுது. தம்பிக்கு சொந்தக்காரங்களுக்குத் தெரியக்கூடாதுங்கிற கவலை மட்டும்தான், இவன் திரும்பி வந்தா ஒரு சபைக்கே பதில் சொல்லணும்.

ஜனவரி 2

தம்பி படிப்பு லோன் பேச்சு. பரம்பரை வளவு வீட்டுல எத்தனையோ பங்காளிக்குப் பங்கு இருக்கு, அதை அடமானம் வைக்க முடியாதுன்னு அப்பச்சி தன் பேர்ல இருந்த மனையைத்தான் பேங்க்ல வச்சிருக்காரு. அதனால அவரு கோபத்துல நியாயம் இருக்கு, நான் ஒண்ணும் சொல்லலை.

ஜனவரி 5

பிள்ளையார் நோன்பு. சாமி கும்பிட்டு இழை எடுக்குற சடங்கை முடிச்சிட்டு எல்லாரும் பட்டாலைல உக்காந்திருந்தோம், அப்பத்தாவுக்கு எப்படியோ தெரிஞ்சிருக்கு (ஆத்தாதான், வேற யாரு). "கணக்கு தப்பிருச்சுன்னா பர்மாவுல பெட்டியடிப் பையனை உடனே கப்பலேத்தியா விட்டாக? அடுத்தாளைப் பக்கத்துல உக்கார வச்சு திரும்ப எழுதச் சொன்னாக"ன்னு சொல்லிட்டு வெத்தலையை மடிச்சு வாயில போட்டுக்கிட்டாக. (பெட்டியடிப் பையன்னா வட்டிக்கடைல கணக்கு பழகுற பையன், அடுத்தாள்னா அவனுக்கு மேல உள்ள ஆள்.) நான் ரெண்டு வாரமா தொண்டை கிழிய சொல்லிட்டு இருந்தது இதைத்தான்.

ராத்திரி தம்பியை உக்கார வச்சு அட்வைசருக்கு மெயில் எழுத வச்சேன். கேம்பஸ் மெஸ்ல வாரம் 20 மணி நேரம் வேலை பார்த்திருக்கான், செமஸ்டர் நடக்கும்போது விசா விடுற உச்சவரம்பே அதுதான், அதுல ஒரு மணி நேரம் கூட மிச்சம் வைக்கலை. இனிமே 10 தான்னு எழுதிட்டான்.

ஜனவரி 10

அட்வைசர் பதில் போட்டிருக்காங்க, ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா வந்து பார்க்கணும், ப்ளான்ல கையெழுத்து போடணும், 9 கிரெடிட்டும் எடுக்கணும். தேவகோட்டைப் பையனுக்கு எபிரேயத்துக்கு டியூட்டர் போட்டிருக்காங்களாம்.

நாளைக்குக் காலைல பல்லவன் ரயில்ல தம்பி சென்னை கிளம்புறான். அப்பச்சி பழைய கணக்கு நோட்டை எடுத்துட்டு வந்து, எவ்வளவு எடுத்தா தப்பிப்பேன்னு கேட்டாரு. ரெண்டு பி ப்ளஸ், ஒரு பி எடுத்தா மொத்தம் 3.05 வந்துரும்னான். மூணும் பி எடுத்தா என்னன்னாரு. 2.95, பத்தாது. "அப்ப பி எடுக்காதே"ன்னு சொல்லிட்டு நோட்டை மூடி வச்சிட்டாரு.