உறைபனி நாட்களில் வெப்பச் சமன்பாடு

டிசம்பர் 19

இன்று வகுப்பில் வெப்பச் சமன்பாடு ஆரம்பமானது: ஒரு பொருளுக்குள் வெப்பநிலை இடத்துக்கு இடம், நேரத்துக்கு நேரம் எப்படி மாறுகிறது என்பதன் கணக்கு. இரு முனையிலும் பூஜ்ஜியம் டிகிரி வைத்த கம்பி, நடுவில் ஏதோ ஒரு தொடக்க வெப்பநிலை. மாறிகளைப் பிரி, மாறிலிக்கு மூன்று வகையையும் பார், இரண்டைத் தள்ளு, விடையை சைன் அலைகளின் கூட்டலாக, அதாவது சைன் தொடராக எழுது. நாலு கணக்கு போட்டால் கை தானாகவே எழுதத் தொடங்கிவிடுகிறது. தேர்வுக்கு அது போதும். ஆனால் சமன்பாடு என்ன சொல்கிறது என்பதைக் கை எழுதிவிடாது.

அது சொல்வது எளிய விஷயம்தான். ஒரு புள்ளி தன் அக்கம்பக்கத்துச் சராசரியைவிடக் குளிர்ந்திருந்தால் சூடாகும், சூடாக இருந்தால் குளிரும். எவ்வளவு வேகமாக என்பதை வளைவு தீர்மானிக்கிறது. வளைவை அளக்கும் இரண்டாம் வகைக்கெழு அங்கே உட்கார்ந்திருப்பது அதற்காகத்தான்.

டிசம்பர் 23

பிரெஞ்சுக் கணிதர் ஃபூரியே இந்த சைன் தொடர் முறையை 1807-லேயே பாரிஸில் எழுதிக் கொடுத்துவிட்டார். முனை மடங்கிய ஒரு கோட்டை வழவழப்பான சைன்களைக் கூட்டி வரைய முடியும் என்பதை மூத்த கணிதர் லக்ராஞ்ச் ஏற்கவில்லை. புத்தகமாக வந்தது 1822-ல். தொடர் எப்போது ஒருங்கும், அதாவது கூட்டக் கூட்ட ஒரே மதிப்பை நெருங்கும் என்பதற்கு ஜெர்மன் கணிதர் டிரிக்லே சரியான நிரூபணம் கொடுத்தது 1829-ல். அதாவது விடை முதலில் வந்தது, அது ஏன் சரி என்பது இருபது வருஷம் கழித்து வந்தது. நாங்கள் ஒரே வாரத்தில் இரண்டையும் படித்து முடிக்கிறோம். கொஞ்சம் மூச்சு விட்டுப் படித்தால் தேவலை.

டிசம்பர் 30

ஊட்டிக்குப் பக்கத்தில் தலைகுந்தாவில் புல்வெளி வெள்ளையாகிவிட்டது. கேத்தியில் எங்கள் பக்கமும் பனி விழுந்தது. பெரியப்பாவின் தோட்டத்தில் பள்ளத்தில் இருந்த தேயிலை கொழுந்தோடு கருகிப் போயிருக்கிறது. இருபது அடி மேலே சரிவில் நின்ற செடிக்கு ஒன்றும் ஆகவில்லை. குளிர்ந்த காற்று கனமானது, இறங்கிப் பள்ளத்தில் தேங்கிவிடுகிறது.

சாயங்காலம் நாற்றுகளுக்கு மேல் மிலார் கிளைகளைப் பரப்பி மூடப் போனோம். "காத்து நின்னு வானம் சுத்தமா இருந்தா அன்னைக்கு ராத்திரி பனி நிச்சயம் கண்ணு. மேகம் போட்டா பயமில்ல" என்றார் பெரியப்பா.

அவர் சொன்னது எல்லை நிபந்தனை, அதாவது பொருளின் விளிம்பில் வெப்பத்துக்கு என்ன ஆகிறது என்ற விதி. தரை 0 டிகிரியில் இருக்கும்போது ஒரு சதுர மீட்டருக்கு விநாடிக்கு சுமார் 315 ஜூல் வெப்பத்தை வானத்தை நோக்கி விடுகிறது. மேகம் இருந்தால் அதில் பெரும்பகுதி திரும்பி வரும். தெளிந்த வானம் என்றால் திரும்புவது குறைவு. மிலார் கிளைகள் செய்வதும் மேகத்தின் வேலைதான், கைக்கெட்டும் உயரத்தில். மண்ணுக்குள் இருக்கும் சமன்பாடு இரண்டு இரவிலும் ஒன்றேதான். மாறியது விளிம்பு மட்டும். வகுப்பில் ஒரே வரியில் எழுதிவிட்டுக் கடந்துபோகிற அந்த விளிம்பில்தான் ஒரு வருஷ நாற்று பிழைப்பதும் சாவதும் இருக்கிறது. எல்லை நிபந்தனையைக் கணக்கின் வாலில் ஒட்டும் சம்பிரதாயம் மாதிரி சொல்லிக்கொடுப்பது எனக்கு ஒப்பவே இல்லை.

ஜனவரி 4

கம்பியை விட்டுவிட்டு, கீழே முடிவே இல்லாத தரையை எடுத்துக்கொண்டேன். மேற்பரப்பு வெப்பநிலை நாள் முழுவதும் கொசைன் போல ஏறி இறங்கட்டும். தீர்வு அழகாக வருகிறது: ஆழம் போகப் போக அலை சுருங்குகிறது, தாமதமும் ஆகிறது. இரண்டையும் ஒரே நீளம்தான் தீர்மானிக்கிறது. மண்ணின் வெப்பப் பரவல் எண்ணை (அதில் வெப்பம் எவ்வளவு வேகமாகப் பரவும் என்ற அளவை) விநாடிக்கு 0.005 சதுர செ.மீ. என்று வைத்தால் அந்த நீளம் சுமார் 12 செ.மீ. அந்த ஆழத்தில் ஏற்ற இறக்கம் 37 சதவீதமாகக் குறைந்துவிடும்.

கணக்கை நம்பலாமா என்று பார்க்க, கொல்லையில் கடப்பாரையால் அரை அடிக்குத் துளை போட்டு, வெப்பமானியை நூலில் கட்டி இறக்கினேன். காலை ஆறரைக்கு மேல்மண் 1 டிகிரி, துளைக்குள் 11. வெயில் ஏறியபின் பதினொரு மணிக்குத் திரும்பப் பார்த்தால் துளைக்குள் ஒன்பதரை! மேலே கை வைத்தால் சுடுகிறது, கீழே அப்போதுதான் விடியற்காலைக் குளிர் போய்ச் சேருகிறது. அரை அடிக்கு ஐந்து மணி நேரத் தாமதம் என்று தாளில் வந்திருந்தது. பாதரசம் ஒத்துக்கொண்டதும் கை நடுங்கிவிட்டது, குளிரில் இல்லை.

வருஷ அலைக்கு இதே நீளம் 365-ன் வர்க்கமூலம் மடங்கு, அதாவது இரண்டேகால் மீட்டர் கிட்ட. ஏழு மீட்டர் ஆழத்தில் பருவமே தலைகீழ். ஆனால் அலை அங்கே மேலே இருந்ததில் 4 சதவீதம்தான்.

ஜனவரி 9

தோழி ஒருத்தி கேட்டாள்: இன்றைய மண் வெப்பநிலையை அளந்து, நேரத்தைப் பின்னோக்கி ஓட்டி, போன வாரம் எவ்வளவு இருந்தது என்று கண்டுபிடிக்கலாமா?

முன்னோக்கிப் போகும்போது தொடரின் n-ஆவது சைன் n வர்க்க வேகத்தில் தேய்கிறது. நுண்ணிய நெளிவுகள்தான் முதலில் அழியும். பின்னோக்கி ஓட்டினால் அதே வேகத்தில் அவை பெருகும். வெப்பமானியில் கால் டிகிரி பிழை இருந்தாலும் அது ஊதிப்பெருத்து விடையையே விழுங்கிவிடும். ஒரு கேள்வி நன்றாக அமைய வேண்டுமானால் தீர்வு இருக்க வேண்டும், ஒன்றே ஒன்றாக இருக்க வேண்டும், தரவு கொஞ்சம் அசைந்தால் விடையும் கொஞ்சம்தான் அசைய வேண்டும் என்று பிரெஞ்சுக் கணிதர் ஹாடமார்ட் வைத்த மூன்றில் கடைசியது இங்கே உடைகிறது. அவளிடம் இதைச் சொல்லி முடிப்பதற்குள் ஊட்டி பஸ் வந்துவிட்டது. மீதியை நின்றுகொண்டே பேசினோம்.

ஜனவரி 12

பொங்கல் லீவுக்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். தரை வெளியே விடும் வெப்பம் வெப்பநிலையின் நான்காம் அடுக்கு என்பதால் விளிம்பு நேரியல் இல்லை. 0 டிகிரியைச் சுற்றி நேரியலாக்கினால், அதாவது வளைகோட்டுக்குப் பதில் நேர்கோடு வைத்தால், ஒரு டிகிரிக்கு சதுர மீட்டருக்கு 4.6 வாட் என்று, விளிம்பின் வெப்பநிலையையும் அங்கே பாயும் வெப்பத்தையும் இணைக்கும் ராபின் நிபந்தனை கிடைக்கிறது. மிலார் போட்ட பாத்தி, போடாத பாத்தி, இரண்டுக்கும் தனித்தனியாகத் தீர்க்க வேண்டும். மண் ஈரமாக இருந்தால் அடியிலிருந்து வெப்பம் இன்னும் தாராளமாக மேலே வரும், அதையும் சேர்க்கணும். பெரியப்பா மாலையில் பாத்திக்குத் தண்ணீர் விடலாமா என்று கேட்டிருக்கிறார். அவருக்கு எண்ணோடு பதில் சொல்ல ஆசை.