கேட்டால்தான் சொல்வார்கள்

புற்றுநோய் மருந்தாய்வில் ஒருங்கிணைப்பாளராக இருக்கிறேன் என்றால், பினாங்கில் உள்ள என் உறவினர்களுக்கு நான் ஏதோ ஆய்வுக்கூடத்தில் குடுவையும் கையுமாக நிற்பதாக நினைப்பு. உண்மையில் என் பொழுதில் பாதி கேள்வி கேட்பதிலும், மீதி கேட்ட பதிலைப் படிவத்தில் ஏற்றுவதிலும் கழிகிறது. தாதியாக இருந்து இந்த வேலைக்கு வந்தவள் என்பதால் நோயாளிகளுக்கு நான் இன்றும் ‘மிஸி’தான்.

நான் அதிகம் பார்த்தது சினைப்பைப் புற்றுநோய், அதாவது கருமுட்டை உருவாகும் பையில் வருவது. “கருப்பையைத்தான் எடுத்துவிட்டார்களே, பிறகு எப்படித் திரும்பி வந்தது?” என்று கேட்காத குடும்பம் குறைவு. முதல் சுற்றில் கார்போபிளாட்டின் என்ற பிளாட்டின மருந்தும் பாக்லிடாக்சலும் மூன்று வாரத்துக்கு ஒருமுறை கொடுப்பது வழக்கம். பெரும்பாலோருக்கு மருந்து நன்றாகவே கேட்கும். நோய் திரும்பும்போதுதான் சிக்கல். பிளாட்டின மருந்தை முடித்த 6 மாதத்துக்குள் திரும்பிவிட்டால், இனி அந்த மருந்துக்கு அடங்காதது என்று அதைத் தனியாக வகைப்படுத்திவிடுவார்கள்.

அதற்குப் பிறகு பெரும்பாலும் ஒற்றை மருந்துதான்: வாராவாரம் பாக்லிடாக்சல், அல்லது கொழுப்புறையில் அடைத்த டாக்சோரூபிசின், டோப்போடீகான், ஜெம்சிடபின் என்று ஒன்றன்பின் ஒன்றாக. ஒன்றுக்கு அடங்காததை இரண்டைச் சேர்த்து அடக்கலாமே என்று யாருக்கும் தோன்றும். தோன்றித்தான் பல ஆய்வுகள் நடந்தன. கீமோவோடு கீமோ சேர்த்துப் பார்த்தவற்றில் ஆயுள் கூடியதாக உறுதிப்படவில்லை. ரத்த அணுக் குறைவும் களைப்பும் கூடியதில் மட்டும் யாருக்கும் ஐயமில்லை.

கீமோவோடு வேறு வகை மருந்தைச் சேர்த்த அவுரேலியா ஆய்வு கொஞ்சம் நம்பிக்கை தந்தது. 361 பெண்கள் பங்கேற்ற அந்த ஆய்வின் முடிவு 2014இல் வெளியானது. ஒற்றைக் கீமோவில் நோய் வளராமல் நின்ற காலம் இடைநிலைக் கணக்கில் (பாதிப் பேர் தாண்டிய காலம்) 3.4 மாதம். கட்டிக்குப் புதிய ரத்தக் குழாய்கள் முளைப்பதைத் தடுக்கும் பெவசிசுமாபைச் சேர்த்துக் கொடுத்தபோது அது 6.7 மாதம் ஆனது. மொத்த ஆயுள் 13.3 மாதத்திலிருந்து 16.6 ஆனாலும், அந்த வேறுபாடு புள்ளியியல் கணக்கில் உறுதிப்படவில்லை. எனக்குப் பிடித்த எண் இவற்றில் எதுவும் இல்லை. அந்தப் பெண்களிடமே வினாத்தாளைக் கொடுத்துக் கேட்டபோது, வயிற்று உபாதை நன்றாகக் குறைந்தது என்றவர்கள் கூட்டு மருந்துப் பக்கம் சுமார் 22 விழுக்காடு, ஒற்றை மருந்துப் பக்கம் 9 விழுக்காடு. வயிறு உப்பி நாலு வாய் சோறு இறங்காமல் தவிப்பவர்களைப் பார்த்தவர்களுக்கு அந்த எண்ணின் அருமை தெரியும்.

எங்கள் ஆய்வும் அந்த வரிசையில் வந்ததுதான். ஒரு பக்கம் வாராந்தரப் பாக்லிடாக்சல் மட்டும். மறுபக்கம் அதோடு இன்னொரு மருந்து. அந்த இன்னொன்றின் பெயரைச் சொல்ல ஒப்பந்தம் இடம் தராது. யாருக்கு எந்தப் பக்கம் என்பதைக் கணினி குலுக்கிப் போடும். கெடாவிலிருந்து மனைவியை அழைத்து வந்த ஒருவர், “அப்படியென்றால் நாலு நம்பர் லாட்டரி மாதிரியா?” என்றார். பரிசு எந்தப் பக்கம் விழும் என்பது எங்களுக்கே தெரியாது என்பதைத் தவிர, அவர் சொன்னது சரிதான்.

பாக்லிடாக்சல் முதலில் பசிபிக் யூ என்ற மரத்தின் பட்டையிலிருந்து எடுக்கப்பட்டது. 1992இல் அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்ததே சினைப்பைப் புற்றுக்குத்தான். தண்ணீரில் கரையாத மருந்து என்பதால் ஆமணக்கெண்ணெயிலிருந்து செய்த ஒரு கரைப்பானில் கலந்திருப்பார்கள். ஒவ்வாமை கிளம்புவதற்கு அந்தக் கரைப்பானும் முக்கியக் காரணம். அதனால்தான் முன்கூட்டியே வேறு ஊசிகள் போடுகிறோம் என்று விளக்கிக்கொண்டிருந்தபோது ஒரு பாட்டி குறுக்கிட்டார். “விளக்கெண்ணெயா? எஸ்டேட்டில் எங்கள் அம்மா மூக்கைப் பிடித்து ஊற்றிய சாமானுக்கா இவ்வளவு ஏற்பாடு?”

பாக்லிடாக்சல் வேலை செய்யும் விதத்திலேயே அதன் கேடும் இருக்கிறது. உயிரணு இரண்டாகப் பிரிய உதவும் நுண்குழாய்களை அது இறுகப் பிடித்துக்கொள்கிறது. அதே நுண்குழாய்கள்தாம் விரல் நுனிவரை நீளும் நரம்புகளுக்குள்ளும் சத்துகளைக் கொண்டுபோகின்றன. எனவே விரல் மரத்துப்போகிறது. எவ்வளவு மரத்தது என்பதற்குப் படிநிலை உண்டு. சமைப்பது, கடைக்குப் போவது, காசு எண்ணுவது போன்றவை தடைப்பட்டால் இரண்டாம் நிலை. குளிப்பது, உடுத்துவது, தானே சாப்பிடுவது தடைப்பட்டால் மூன்றாம் நிலை. மூன்று என்று எழுதினால் எங்கள் ஆய்வு நெறிமுறைப்படி மருந்தை நிறுத்திவைத்து, பிறகு அளவைக் குறைத்துத்தான் தொடர வேண்டும்.

நோயாளிகளுக்கு இது தெரியும். நாங்கள் சொல்லாவிட்டாலும் காத்திருக்கும் நாற்காலிகளில் ஒருவருக்கொருவர் சொல்லிவிடுவார்கள். அதனால் “கை கால் எப்படி இருக்கிறது?” என்று கேட்டால் “நன்றாக இருக்கிறது” என்ற பதில் தயாராக இருக்கும். ஆய்விலிருந்து எடுத்துவிடுவார்களோ என்ற பயம். போதாக்குறைக்கு, அம்மாவைக் கேட்டால் மகள் பதில் சொல்வாள்.

பூ வியாபாரம் செய்யும் ஓர் அக்கா இருந்தார். கூட்டு மருந்துப் பக்கம் விழுந்தவர். வாரம் தவறாமல் வருவார், எதைக் கேட்டாலும் “அதெல்லாம் ஒன்றுமில்லை மிஸி.” ஒருநாள் அவர் உடையைக் கவனித்தேன். வழக்கமாகக் கொக்கி வைத்த ரவிக்கையும் சேலையுமாக வருபவர், சில வாரங்களாகத் தலைவழியாக மாட்டும் தொளதொள கவுனில் வந்துகொண்டிருந்தார். காதில் திருகாணித் தோடு போய் வளையம் வந்திருந்தது. கைப்பையில் நூல் இருக்கிறதா, ஒரு முடிச்சுப் போட்டுக் காட்டுங்கள் என்றேன். கட்டினார். ஆனால் கண்ணை எடுக்காமல் கட்டினார். இரண்டு முறை நூல் நழுவியது. “முன்பெல்லாம் பேசிக்கொண்டே முழம் முழமாகக் கட்டுவேன். இப்போது கண் பார்த்தால்தான் விரல் கேட்கிறது” என்றார். ரவிக்கைக் கொக்கியை யார் போடுகிறார்கள் என்று கேட்டேன். மகள் தரையைப் பார்த்தாள்.

மருத்துவர் வந்து சோதித்து மூன்று என்று எழுதினார். மருந்து நின்றது, அளவு குறைந்தது. அக்கா இரண்டு வாரம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. “உங்களிடம் வாயைத் திறந்ததுதான் தப்பு” என்று மட்டும் சொன்னார்.

அவர் கோபம் எனக்குப் புரிந்தது. ஆனாலும் இந்த விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். இரண்டாவது மருந்தைச் சேர்த்தால் நோய் எத்தனை மாதம் அடங்குகிறது என்பதை ஸ்கேன் சொல்லிவிடும். கட்டிகளின் அளவைக் கூட்டிப் பார்த்து, 30 விழுக்காடு குறைந்தால் பலன், 20 விழுக்காடு கூடினால் வளர்ச்சி என்று கணக்கு இருக்கிறது. அந்த மாதங்களை எப்படி வாழ்ந்தார்கள் என்பதை எந்தக் கருவியும் படம் பிடிக்காது. அவர்கள் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டால் பக்கவிளைவு அட்டவணை அழகாக இருக்கும். அதை நம்பி நாளை அதே அளவை வாங்கிக்கொள்ளப் போகிறவர் இன்னொரு பெண். தணிக்கைக்கு வருகிறவர்களோ கையெழுத்துக்குப் பக்கத்தில் தேதி இருக்கிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துத் தேடுவார்கள். ‘நன்று, நன்று’ என்று வாராவாரம் ஒரே பதில் இருப்பதைப் பார்த்து எவரும் புருவம் உயர்த்தியதில்லை.

தைப்பூசக் காலத்தில் இன்னொரு கூத்து. பால்குடம் எடுக்க வேண்டும், தேதியைத் தள்ளிவையுங்கள் என்று தொலைபேசி ஓயாது. வெள்ளையணு குறைந்திருக்கும் நாளில் அந்தக் கூட்டத்தில் போய் நிற்பதும், பினாங்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலின் ஐந்நூறுக்கு மேற்பட்ட படிகளை ஏறுவதும் விளையாட்டல்ல. எங்கள் சீன மருத்துவர் தைப்பூசத் தேதியை என்னைவிட முன்பே குறித்து வைத்திருப்பார். நெறிமுறை அனுமதிக்கும் ஓரிரு நாள் இடைவெளிக்குள் மாற்றித் தருவார். மலையேறாமல் அடிவாரத்தில் கும்பிட்டால் போதும் என்று முருகன் சார்பில் வாக்கும் கொடுப்பார்.

அளவு குறைந்த பிறகும் பூக்கார அக்காவின் நோய் சில மாதங்கள் அப்படியே நின்றது. விரலும் கொஞ்சம் தேறியது. பிறகு ஒரு ஸ்கேனில் வளர்ச்சி தெரிந்து ஆய்வு மருந்தை நிறுத்தினோம். அன்று அவர் கேட்டது ஒன்றே ஒன்று: “பாதியில் போகிறேனே, என் கணக்கை அடித்துவிடுவீர்களா?” இல்லை என்றேன். குலுக்கலில் பெயர் விழுந்தவர் எவரையும் விட்டுவிட முடியாது. அளவு குறைந்தவரும் மருந்தை நிறுத்தியவரும் அதே பக்கத்தில்தான் கடைசிவரை எண்ணப்படுவார்கள். அவருடைய மரத்த விரலும் சேர்த்துத்தான். இனி மூன்று மாதத்துக்கு ஒருமுறை போன் செய்து விசாரிப்பேன், எந்த நேரம் வசதி என்று கேட்டேன்.

“வெள்ளிக்கிழமை மட்டும் காலையில் கூப்பிடாதீர்கள்” என்றார். “வியாபார நேரம்.”